துளைபட்ட மார்பும் துளைபட்ட தாளும்

இராமநாதபுரம் சீமைக்குத் துப்பாக்கி புதிய பொருள் அல்ல. அந்தச் சீமையின் மக்கள் துப்பாக்கியைப் பார்த்திருக்கிறார்கள்; நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள்? கட்டையைப் பிடித்திருக்கும் பக்கத்திலிருந்தா? இல்லை, குழாயின் வாய் தெரியும் பக்கத்திலிருந்து!

1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது கும்பினி ஆட்சி. அத்துடன் அதன் ஆத்திரம் அடங்கிற்றா? கோட்டைகள் இடிக்கப்பட்டன. மக்களிடமிருந்த ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. வேல் போயிற்று, வாள் போயிற்று, வளரியும் போயிற்று. தமக்கு வளரி எறியக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது என்று வெல்ஷ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி தம் நினைவுக் குறிப்பிலே எழுதி வைத்திருக்கிறார். கற்றுக் கொடுத்த கை கயிற்றில் தொங்கிற்று. கற்றுக்கொண்ட கை புத்தகம் எழுதிற்று!

1957ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொலையுண்டார். மூன்றே நாட்கள் சென்று, 14ஆம் நாள், கீழத்தூவலில் ஐந்து பேர் போலீசாரின் குண்டுக்கு இரையாயினர். அந்தப் பக்கம் ஒரு சாதி, இந்தப் பக்கம் ஒரு சாதி என்று பிரித்துப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நாம் பார்ப்பது பிணங்களை; பிணங்களின் மேல் விழுந்து அழுத தாய்மார்களை. எந்தத் தாயின் கண்ணீரிலும் உப்பு ஒன்றுதானே!

54 ஆண்டுகள் உருண்டன. 2011ஆம் ஆண்டு. அதே செப்டம்பர் 11ஆம் நாள், அதே பரமக்குடி. நினைவு நாளுக்குத் திரண்ட மக்கள் மீது மீண்டும் துப்பாக்கிச் சூடு, மீண்டும் உயிர்ப்பலி. 2017ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் தங்கச்சிமடத்து இளம் மீனவர் ஒருவர் நடுக்கடலிலே சுடப்பட்டு மாண்டார். சுட்டது இலங்கைக் கடற்படையே என்றனர் உடன் சென்றோர். நாங்கள் இல்லை என்றது அந்தக் கடற்படை. வலை வீசப் போனவன் வெள்ளைத் துணியால் மூடப்பட்டுக் கரை சேர்ந்தான்.

தரையிலும் குண்டு, தண்ணீரிலும் குண்டு! இந்தச் சீமைக்குத் துப்பாக்கி அறிமுகமான விதம் இதுதான்.

அந்தச் சீமையின் பிள்ளைகள் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுங்கள் என்று சொல்லத்தான் இன்று எழுதுகிறோம்.

பதற வேண்டாம்! நாம் கேட்பது உயிரைக் குடிக்கும் துப்பாக்கியை அல்ல. தாளைத் துளைக்கும் துப்பாக்கியை. மருந்தும் நெருப்பும் இல்லாமல், அடைபட்ட காற்றின் விசையால் கடுகத்தனை ஈய ரவையை உந்தித் தள்ளும் காற்றுத் துப்பாக்கியை. திருவிழாக் கடையிலே வரிசை வரிசையாகப் பலூனைக் கட்டி வைத்து, காசு வாங்கிக்கொண்டு சுடச் சொல்வார்களே, அதன் ஒன்றுவிட்ட அண்ணன் இது. தம்பி திருவிழாவோடு நின்றுவிட்டான். அண்ணன் ஒலிம்பிக் வரையில் போயிருக்கிறான். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்திலே முதன்முதலாக இடம் பெற்றது காற்றுத் துப்பாக்கிப் போட்டி.

அந்தப் போட்டி எப்படிப்பட்டது? சுடுபவருக்கும் இலக்குக்கும் இடையே 10 மீட்டர் தூரம். இலக்கின் நடுவிலே 'பத்து' என்று மதிக்கப்படும் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். இந்த ஏட்டிலே வாக்கியம் முடியும் இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி இருக்கிறதல்லவா? ஏறத்தாழ அந்த அளவு! அதை 10 மீட்டருக்கு அப்பால் வைத்து, நின்ற நிலையிலே, ஐந்தரைக் கிலோ வரை எடையுள்ள துப்பாக்கியைத் தோளில் ஏந்தி, 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். தொலைநோக்குக் கண்ணாடி பொருத்தக் கூடாது. வெறும் வளையத்தின் வழியே கண்ணால் பார்த்தே குறி வைக்க வேண்டும். முந்நாளில் ஆடவருக்கு 60, பெண்டிருக்கு 40 என்று பேதம் வைத்திருந்தார்கள். 2018 முதல் இருபாலருக்கும் 60தான். ஆண் சுட்டால் அறுபது, பெண் சுட்டால் நாற்பது என்ற ஏற்பாட்டை உலகமே கைவிட்டுவிட்டது!

இந்த ஆட்டத்திலே யார் வெல்வார்? மீசையை முறுக்குகிறவரா? தொடை தட்டுகிறவரா? தொண்டை கிழியக் கத்துகிறவரா? அவர்களிலே ஒருவருக்கும் இங்கு வேலையில்லை. கோபம் வந்தால் மூச்சு வேகமாகும். மூச்சு வேகமானால் குழாய் ஆடும். குழாய் மயிரிழை ஆடினால் 'பத்து' ஒன்பதாகும், எட்டாகும். இதயத் துடிப்பே துப்பாக்கியை அசைக்கும் என்பதால், மூச்சைப் பாதி விட்டுப் பாதி நிறுத்தி, உடல் ஓய்ந்த அந்த ஒரு நொடியில் விசையை இழுக்கப் பழகுகிறார்கள். சினத்தை வென்றவனுக்கே வெற்றி! அரிவாளைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து, அதைச் சுவரொட்டியாக்கி, அதுதான் வீரம் என்று வாலிபனுக்குக் காட்டும் கூட்டம் இருக்கிறதே, அந்தக் கூட்டத்திடமிருந்து நம் பிள்ளைகளை மீட்பதற்கு இதைவிட நல்ல மருந்து உண்டா?

கைக்கெட்டும் எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்வோம். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள். பிரேசில் நாட்டு ரியோ நகரம். உலகக் கோப்பைப் போட்டி. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தங்கம் வென்ற இருபது வயது நங்கையின் பெயர் பலகையிலே மின்னிற்று. என்ன பெயர்? இளவேனில்! தந்தையின் பெயர்? வாலறிவன்! ஒன்று பருவத்தின் பெயர். மற்றொன்று குறளின் முதல் அதிகாரத்திலே வருகிற சொல். தமிழ்ப் பெயர் வைத்தால் நாகரிக உலகில் நாலு பேர் சிரிப்பார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. நாலு பேர் சிரிக்கவில்லை, ஐயா. நாலு கண்டத்துக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்!

இளவேனில் 1999இல் கடலூரில் பிறந்தவர். வளர்ந்தது அகமதாபாத்தில். துப்பாக்கி பிடிக்கக் கற்றதும் அங்கே. 2018இல் சிட்னியில் இளையோர் உலகக் கோப்பைத் தங்கம். டோக்கியோ ஒலிம்பிக்கிலே 16ஆம் இடம். 2024இல் பாரிசிலே 10ஆம் இடம். முதல் எட்டுப் பேருக்கே இறுதிச் சுற்று என்பதால் வாசற்படியிலே நின்று திரும்பினார். துவண்டாரா? 2025 ஆகஸ்டில் கசகஸ்தான் நாட்டிலே நடந்த ஆசியப் போட்டியில் 253.6 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றார். 24 குண்டுக்கு எடுக்கக்கூடிய உச்ச அளவே 261.6 என்றால், அந்தக் கையின் உறுதியைக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

நமக்கு மகிழ்ச்சிதான், மகிழ்ச்சியோடு ஒரு முள்ளும் உறுத்துகிறது. 2022இல் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியிலே அதே இளவேனில் தங்கம் வென்றது குசராத்துக்காக. அவர்மீது குறை சொல்லவில்லை. எங்கே பயிற்சி கிடைத்ததோ அங்கேதான் விதை முளைக்கும். நாம் கேட்பது வேறு. கடலூரிலே பிறந்தவர் அகமதாபாத்துக்குப் போனதால் உலகுக்குத் தெரிந்தார். கடலாடியிலே பிறந்து கடலாடியிலேயே இருந்துவிட்ட இளவேனில்கள் எத்தனை பேர்? உப்பளத்திலே வெயிலில் நிற்கிறவள், கருவேல முள்ளை வெட்டிக் கரி மூட்டம் போடுகிறவள், பாக் நீரிணையிலே பாசி எடுக்க மூழ்குகிறவள், இவர்களுக்கெல்லாம் கண் கூர்மையில்லையா? மூச்சை அடக்கத் தெரியாதா? பாசி எடுக்கக் கடலுக்குள் மூழ்குகிறவளுக்கா மூச்சடக்கக் கற்றுத் தரவேண்டும்!

இந்த ஆட்டம் நெடுங்காலம் அரண்மனை ஆட்டமாகவே இருந்தது. 1962இல் கெய்ரோ நகரில் உலகப் போட்டியிலே வெள்ளி வென்றவர் பிகானீர் மகாராசா கர்னிசிங். 2024இல் பாரிசு ஒலிம்பிக்கிலே பறக்கும் தட்டைச் சுடும் போட்டிக்குச் சென்ற நம் மாநிலத்துப் பிருதிவிராசு தொண்டைமான் புதுக்கோட்டை மன்னர் மரபினர். 2008இல் பெய்ஜிங்கிலே இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் காற்றுத் துப்பாக்கியால் கொண்டு வந்த அபினவ் பிந்திரா தம் வீட்டிலேயே பயிற்சிக்கூடம் வைத்திருந்தவர். அவர்களுடைய திறமையை நாம் போற்றுகிறோம். ஆனால், வீட்டிலே பயிற்சிக்கூடம் கட்டக்கூடிய வீடு எத்தனை பேருக்கு இருக்கிறது? மழைக்கு ஒழுகாத வீடே பலருக்கு இல்லையே!

காற்று திசை மாறிவிட்டது என்பதற்கும் சான்று உண்டு. பாரிசிலே 2024 ஆகஸ்டு முதல் நாள் 50 மீட்டர் துப்பாக்கிப் போட்டியில் வெண்கலம் வென்ற சுவப்னில் குசாலே யார்? மராட்டியத்திலே கோலாப்பூர்ச் சீமைச் சிற்றூர்க்காரர். இரயிலிலே பயணச்சீட்டுப் பரிசோதகர் வேலை பார்த்தவர். மகாராசா நின்ற இடத்திலே டிக்கெட் பரிசோதகர் நிற்கிறார்! அந்த வரிசையிலே முதுகுளத்தூர் விவசாயியின் மகனும் பாம்பன் மீனவரின் மகளும் நிற்கக்கூடாதா?

கூடாது என்பதற்கு ஒரு பழைய கதையே இருக்கிறது. வில்வித்தை கற்க வந்த வேடுவச் சிறுவனை விரட்டியடித்து, அவன் தானே கற்றுத் தேர்ந்ததும் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டாராம் துரோணாச்சாரியார். அந்தத் துரோணாச்சாரியார் பெயரால்தான் இந்த நாட்டிலே சிறந்த பயிற்சியாளருக்கு விருது! விரலைக் கேட்டவர் பெயரில் விருது. விரலைக் கொடுத்தவனுக்கு ஒரு பெருமூச்சு. வெள்ளைக்காரன் வந்தான், குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தி, தென்பாண்டிச் சீமையின் உழைப்பாளிகளை நிறுத்தி வைத்துக் கைரேகை வாங்கினான். ரேகைச் சட்டம் என்று மக்கள் பெயரிட்டுச் சபித்த அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் ஒழிந்தது. புராணம் விரலை வெட்டிற்று. ஏகாதிபத்தியம் விரலில் மை தடவிற்று.

மக்களாட்சியும் விரலிலே மை வைத்தது, வாக்குரிமை மை. அந்தச் சுட்டுவிரல் அரசுகளை மாற்றிற்று. அதே சுட்டுவிரல் இன்று ஒரு சிறு விசையை இழுக்கட்டும், எழுத்துத் தாளிலே ஒரு துளை விழட்டும் என்கிறோம். இதிலே துரோணருக்கு வேலையில்லை. மின்னணுப் பலகை புள்ளியைச் சொல்லும். அதற்குச் சாதி தெரியாது. 10.4 என்றால் 10.4தான். யார் மகன் நீ, எந்தத் தெரு, எந்தக் கோவில் என்று கேட்கிற இயந்திரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மறுப்புச் சொல்வோர் உண்டு. தண்ணியில்லாக் காடு என்று அதிகாரிகளை மிரட்டப் பயன்பட்ட சீமை இது. 2018இல் மத்திய அரசே முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலிலே சேர்த்த சீமை. இங்கே துப்பாக்கி விளையாட்டு ஒரு கேடா என்பார்கள். தண்ணீரும் வேண்டும், தொழிலும் வேண்டும்; அதற்கும் நாம்தான் குரல் கொடுக்கிறோம். ஏழை முதலில் சாப்பிடட்டும், பிறகு படிக்கட்டும், பிறகு விளையாடட்டும் என்று வரிசைப்படுத்திச் சொன்னவர்கள், அந்தச் சாப்பாட்டையும் போடவில்லை என்பதுதான் நாம் கண்ட வரலாறு.

செலவு மிகும் என்பார்கள். சர்வதேசப் போட்டிக்குரிய வெளிநாட்டுத் துப்பாக்கி இலட்சக்கணக்கில் விலை என்பது உண்மை. விறைத்த மேலுடை, காலணி, கையுறை எல்லாம் தனிச் செலவு. ஆனால் தொடக்கப் பயிற்சிக்கு நம் நாட்டிலே செய்யப்படும் துப்பாக்கி போதும். அது பள்ளிக்குச் சொந்தமாக இருந்தால் ஒன்றிலே இருபது பிள்ளைகள் பழகலாம். ஆடுகளமோ 10 மீட்டர்தான். கால்பந்துக்கு வேண்டும் காணி நிலம். இதற்கு வேண்டுவது நீண்ட ஒரு கூடம், குண்டு தாங்கும் தடுப்பு, நல்ல விளக்கு, அச்சடித்த தாள். வெயில் கொளுத்தும் நாளிலும் காற்று சுழற்றும் நாளிலும் கூரைக்குள்ளே ஆடலாம்.

மூன்றாவது மறுப்பே முக்கியமானது. துப்பாக்கியைத் தொட்டுப் பழகினால் கலகம் வளராதா என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி, நேராகவே விடை சொல்வோம். 2012இல் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியிலே 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதை உலகம் மறக்கவில்லை. கடைச் சரக்காகக் கொலைத் துப்பாக்கி விற்கும் நாட்டின் கதி அது. அந்தக் கலாச்சாரம் நம் எல்லைக்குள் எட்டிப் பார்க்கவும் கூடாது. அதே அமெரிக்காவிலே வேறொன்றும் இருக்கிறது. பால்ரஸ் குண்டு போடும் சிறு துப்பாக்கியால் எட்டு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள் 5 மீட்டர் தூரத்தில் படுத்தும் அமர்ந்தும் முழந்தாளிட்டும் நின்றும் சுடும் தேசியப் போட்டி. அதிலே எழுத்துத் தேர்வும் உண்டு! பாதுகாப்பு விதிகளைப் பற்றிய அந்தத் தேர்வில் எடுக்கும் மதிப்பெண் சுட்ட மதிப்பெண்ணோடு கூட்டப்படுகிறது. கை மட்டும் போதாது, கருத்தும் வேண்டும் என்பது அதன் பொருள். கெட்டதை விலக்குவோம், நல்லதைக் கொள்வோம்.

காற்றுத் துப்பாக்கியும் பொம்மையல்ல. கண்ணிலே பட்டால் கண் போகும். பறவைமீது பட்டால் பறவை போகும். அருணாசலப் பிரதேசத்திலே 2021 முதல் மக்களே முன்வந்து ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஏர்கன்களை அரசிடம் ஒப்படைத்தார்கள். காட்டிலே பறவைக் குரல் அடங்கிப் போனதைக் கண்டு வருந்தியவர்கள் அவர்கள். நம் சீமையிலோ சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் போன்ற பறவைகள் சரணாலயங்கள். முதல் இரண்டு 2022இலும் பின்னிரண்டு 2025இலும் ராம்சார் பட்டியலேறி உலகப் புகழ் பெற்றவை. கண்மாய்க் கருவேல மரத்திலே கூடு கட்ட வரும் நாரையும் நம் விருந்தாளி. அதன்மீது குறி வைப்பவன் வீரனல்லன். விருந்தாளியைக் கொல்லும் வீணன்.

ஆகவே நாம் கேட்பவை தெளிவானவை. மாவட்டத் தலைநகரிலே ஒரு கூடம் என்று நின்றுவிடாமல், வட்டம்தோறும் அரசுப் பள்ளி ஒன்றிலே ஒரு கூடம். துப்பாக்கி கூடத்துக்கே சொந்தம். பயிற்சி முடிந்ததும் எண்ணிப் பூட்டப்பட வேண்டும். எவர் வீட்டுக்கும் போகக்கூடாது. விதித் தேர்விலே தேறிய பின்பே விசையைத் தொட வேண்டும். சேர்க்கையிலே பாதி பெண்பிள்ளைகள். சுடும் வரிசையிலே யார் பக்கத்தில் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். ஊர்வாரி, தெருவாரி வரிசை கூடவே கூடாது. எந்தச் சாதிச் சங்கத்தின் பெயரும் கொடியும் அந்தக் கூடத்தின் வாசலிலே நுழையக்கூடாது. ஆட்சியில் யார் அமர்ந்தாலும் இதைக் கேட்போம். நம்மவர் அமர்ந்தால் உரிமையோடு கேட்போம்.

கூட்டம் வருமா என்ற ஐயம் வேண்டாம். 2022இல் திருச்சியிலே நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் துப்பாக்கி ஏந்தி வந்தபோது வாசலிலே மக்கள் வெள்ளம்! நட்சத்திரத்தைப் பார்க்க வந்த அந்தக் கண்கள், பக்கத்துத் தடத்திலே சுட்டுக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளையையும் ஒரு முறை பார்க்கட்டும் என்பதே நம் ஆசை.

இராமநாதபுரத்து விளையாட்டரங்கத்தின் பெயர் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம். கீழக்கரை வள்ளலும் சேது நாட்டு மன்னனும் ஒரே பெயர்ப் பலகையிலே தோளோடு தோள் நிற்கிறார்கள். 2024 சனவரியில் தமிழ்நாடு நடத்திய கேலோ இந்தியா இளைஞர் போட்டிக்கு அடையாளச் சின்னமாக நின்றவர் இதே இராமநாதபுரத்து அரண்மனையிலே பிறந்து, படைக்கலம் பயின்று, பறிபோன சிவகங்கையை மீட்ட வீரமங்கை வேலுநாச்சியார். பெயரும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. வேண்டுவது ஒரு கூடமும் ஒரு குறிப்பலகையும்தான்.

கீழத்தூவலின் பேரனும் பரமக்குடியின் பேத்தியும் தங்கச்சிமடத்து மீனவரின் தம்பியும் ஒரே வரிசையிலே, ஒரே கோட்டிலே, ஒரே திசை பார்த்து நிற்கட்டும். ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற காலம் போதும்! பக்கத்தில் பக்கமாக நின்று, மூச்சை அடக்கி, முற்றுப்புள்ளியைக் குறி பார்க்கட்டும். இந்தச் சீமையிலே துளைபட்ட மார்புகள் போதும். இனித் துளைபடுவது தாளாக இருக்கட்டும்!